பழைய காருக்கு அதிக வெளிச்சம் தரும் பல்பு: ஒட்டன்சத்திரம்–பழனி சாலையில் ஓடிய ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வரும் கார் 2002-ம் ஆண்டு மாடல், சிறிய பெட்ரோல் வண்டி. முதலிலிருந்து ஒரே கையில் இருக்கிறது. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். பழனிப் பக்கம் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். வாரத்தில் நான்கைந்து நாள் மாலையில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வருவார். மறுநாள் சமையலுக்கு வேண்டியதை வாங்கிப் பின்சீட்டிலும் டிக்கியிலும் மூட்டை மூட்டையாகப் போட்டுக்கொண்டு இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்புவார். வீடு போய்ச் சேர சுமார் 30 கி.மீ.

அந்தச் சாலையை இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஊர் வருகிற இடத்தில் கொஞ்சம் விளக்கு, மற்றபடி கும்மிருட்டு. பின்விளக்கு எரியாத டிராக்டர் வரும், பட்டிக்குத் திரும்பும் ஆடுகள் குறுக்கே வரும். மார்கழி பிறந்துவிட்டால் தைப்பூசம் வரை பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் கூட்டம் இரவும் பகலும் நடந்துகொண்டே இருக்கும். நடப்பவர்களுக்கென்று சாலையோரத்தில் தனிப் பாதை உண்டு. ஆனாலும் வெறுங்காலோடு நடப்பவர்கள், கல் குத்தினால் தார்ச்சாலையின் ஓரத்துக்கு ஏறிவிடுவார்கள். பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர்களும் அதில் உண்டு, ஒட்டாதவர்களும் உண்டு.

கார் எங்கள் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறைக்கு வந்தது ஒரு தைப்பூசம் முடிந்த வாரத்தில்.

சொன்ன குறை

எதிரே வந்த லாரிக்காக டிம் அடித்து வந்துகொண்டிருந்தபோது, பச்சை வேட்டி கட்டிய ஒரு குழு இடது ஓரத்தில் நடந்துபோவது வண்டிக்கு மிக அருகில் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரேக் அடித்து வலது பக்கம் ஒடித்திருக்கிறார். லாரி அதற்குள் கடந்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

“தம்பி, கடையில கேட்டுப் பெரிய பல்பாத்தான் போட்டிருக்கேன். அப்பவும் ரோடு தெரியல. இதைவிடப் பவரா ஒண்ணு இருந்தாப் போட்டுக் குடு” என்றார்.

விசாரித்ததில் கிடைத்த விவரம் இது. வண்டியோடு வந்தது 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) எச்4 பல்பு. சில மாதங்களுக்கு முன் ஓர் ஆக்சஸரீஸ் கடையில் 100/90 வாட் என்று எழுதிய, கண்ணாடியில் நீலச் சாயம் பூசிய பல்பு ஜோடி ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். முதல் சில வாரம் வெள்ளை வெளேர் என்று நன்றாக இருந்ததாம். பிறகு வலது விளக்கு அவ்வப்போது மங்கி மங்கி எரிந்திருக்கிறது. லைட் போட்டு நீண்ட நேரம் ஓட்டினால் பானெட்டுக்குள் ஏதோ கருகுகிற வாடை. கூட வந்திருந்த மருமகனுக்கு வேறு யோசனை: “பேசாம எல்.இ.டி. போட்ருங்க மாமா, பகல் மாதிரி இருக்கும்.”

ஆக, பட்டறைக்கு வந்த கேள்வி ‘எந்த பல்பு’ என்பதுதான். இருக்கிற பல்புக்குப் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர்கிறதா என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் முதல் நாள் எதையும் மாற்றாமல் வண்டியை அப்படியே அளந்தோம்.

முதல் நாள் பார்த்தது

ஹெட்லைட்டின் முன்பக்கப் பிளாஸ்டிக் வெயில் பட்டு மஞ்சளாகி, மேல்பாதி பால் ஊற்றியது போல் மங்கியிருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரிந்தது.

வலது பக்க ஹோல்டரைப் பிடுங்கவே சிரமப்பட்டோம். பிளாஸ்டிக் உருகிப் பல்பின் முள்ளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று டெர்மினல்களில் எர்த் டெர்மினல் நீலம் பாய்ந்து, ஸ்பிரிங் பிடிப்பு செத்துத் தளர்ந்திருந்தது. வயரின் மேலுறை ஓரங்குல நீளத்துக்கு வறண்டு, மடக்கினால் பொடியாக உதிர்ந்தது. உள்ளே ரிஃப்ளெக்டரில், பல்புக்கு நேர் மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு. அலுமினியப் பூச்சு சூட்டில் போய்விட்ட இடம் அது. இடது பக்கம் பரவாயில்லை.

கழற்றிய பல்பையும் ஒரு நல்ல எச்4 பல்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். முன்னால் இருப்பது டிம்முக்கானது. அதன் அடியில் கிண்ணம் போல் ஒரு சின்னத் தகடு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அந்தத் தகடு மறைப்பதால்தான் டிம் போட்டால் வெளிச்சத்துக்கு மேல்பக்கம் ஒரு கோடு போட்டது போல் வெட்டு கிடைக்கிறது. 1971-ல் எச்4 வந்ததிலிருந்து அதன் அமைப்பு இதுதான். கழற்றிய பல்பில் டிம் இழை கிண்ணத்துக்குள் நேராக உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கண்ணுக்கே தெரிந்தது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் ரிஃப்ளெக்டருக்கு அது வேறு இடம். வாட் கூடக்கூடச் சிதறல்தான் கூடும்.

வோல்ட் அளந்ததில் தெரிந்தது

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்ஜின் ஓட, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வைத்து, டிம் எரியவிட்டு, பேட்டரியின் இரு முனையில் அளந்தால் 14.0 வோல்ட். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நன்றாகவே இருந்தன. அதே நேரத்தில் பல்பின் பின்பக்கம், ஹோல்டரைக் கழற்றாமல் முள்ளைத் தொட்டு அளந்தால் இடது பக்கம் 11.4, வலது பக்கம் 10.8. மேல்தொட்டி நிறைந்திருந்தும் துருப்பிடித்த குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிற கதைதான்.

ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது. மின்சாரம் பாயாதபோது மீட்டர் 14-ஐக் காட்டும், ‘வயரிங் நல்லாத்தான் இருக்கு’ என்று அனுப்பிவிடுவோம். பல்பு எரியும்போது, அதன் முள்ளிலேயே அளக்க வேண்டும்.

ஹாலஜன் பல்பு வோல்ட்டுக்கு ரொம்பவே அடிமை. வெளிச்சம் வோல்ட்டின் சுமார் 3.4-வது அடுக்கில் (power) ஏறி இறங்கும்; வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் நிறையக் குறையும். எச்4 பல்பை அளக்கும் சர்வதேசத் தரம் 13.2 வோல்ட்டில் வைத்து அளக்கிறது. அதோடு ஒப்பிட்டால், 10.8 வோல்ட்டில் எரியும் பல்பு தன் வெளிச்சத்தில் பாதியைத்தான் தரும். 90 வாட் என்று காசு கொடுத்து வாங்கியவருக்கு வலது பக்கம் கிடைத்தது அந்தப் பாதி. அதிலும் நீலச் சாயம் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. நீலக் கண்ணாடி வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. ஹாலஜனில் அதிகம் உள்ள மஞ்சள், சிவப்பு ஒளியைத் தடுத்துவிடுவதால் மீதி வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, இரண்டு பக்கமும் சாதாரண 60/55 பல்பை மாட்டி அளந்தோம். இடது 12.4, வலது 12.0. வாட் குறைந்ததும் வோல்ட் ஏறியதற்குக் காரணம் எளிது: ஆம்பியர் குறைந்தால் வழியில் விழும் வோல்ட்டும் குறையும். பிறகு வலது பக்கத்தில் காணாமல்போன 2 வோல்ட் எங்கே போகிறது என்று துண்டு துண்டாகத் தேடினோம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பு முள் வரை 1.3 வோல்ட். பல்பின் எர்த் முள்ளிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 0.7 வோல்ட். இடது பக்கம் பாசிட்டிவ் வழியில் அதே 1.3, எர்த் வழியில் 0.3 மட்டும்.

இந்த வயது கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) கிடையாது. ஹெட்லைட்டுக்குப் போகும் முழு மின்சாரமும் ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள காம்பினேஷன் ஸ்விட்சுக்குள் போய்த் திரும்பி வரும். 60 வாட் ஜோடிக்குப் பத்து ஆம்பியரை ஒட்டி இழுக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த ஸ்விட்ச் அது. 100 வாட் ஜோடி, வோல்ட் சரியாகக் கிடைத்தால், 17 ஆம்பியர் வரை இழுக்கும். இருபது வருஷமாகக் கருத்துப்போன காண்டாக்ட் வழியே அவ்வளவு போனால் சூடாகாமல் என்ன செய்யும்? சூடானால் காண்டாக்ட் இன்னும் கெடும், கெட்டால் இன்னும் சூடாகும். முதல் சில வாரம் பளிச்சென்று இருந்து பிறகு மங்கியதற்கு விளக்கம் இதுதான்.

வெளிச்சம் விழுந்த இடம்

அன்று சாயங்காலம் சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து 65 செ.மீ. டிம்மின் வெட்டுக்கோடு 10 மீட்டருக்கு 10 செ.மீ. தாழ்ந்து, அதாவது 55 செ.மீ. உயரத்தில் சுவரில் விழ வேண்டும். இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுவதால் கோட்டின் இடது பகுதி மட்டும் சாய்ந்து மேலே ஏறும்; அது ஓரத்தில் நடப்பவர்களைக் காட்டுவதற்காக. வெறும் வண்டியில் கோடு ஏறக்குறைய சரியான இடத்தில் இருந்தது.

ஆனால் அவர் இரவில் ஓட்டுவது வெறும் வண்டியை அல்ல. மூட்டைகள் ஏற்றியதும் பின்பக்கம் 4 செ.மீ. இறங்கியது, பின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தன. சுவரில் கோடு 17 செ.மீ. மேலேறி 72-க்குப் போய்விட்டது. கீழே இறங்க வேண்டிய டிம், விளக்கின் உயரத்தையும் தாண்டி வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. 50 மீட்டர் தள்ளி அதே கோடு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே வரும் கார்க்காரரின் கண் அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். சாலை கொஞ்சம் ஏறி இறங்கினாலே நேராகக் கண்ணில் அடிக்கும். ‘டிம் போட்டாலும் எதிர்ல வர்றவன் லைட் அடிச்சுக் காட்டுறான்’ என்று அவர் சொன்னதற்குக் காரணம் கிடைத்தது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதைப் பற்றியதுதான்: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ளவரைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும்.

இருட்டிய பிறகு, போக்குவரத்து இல்லாத ஒரு கிராமத்துச் சாலையில் கழற்றிய பல்புகளையே திரும்ப மாட்டி, பட்டறைப் பையனைக் கறுப்பு லுங்கி கட்டி ஓரத்தில் நிற்கச் சொன்னேன். டிம்மில் மெதுவாக நெருங்கினால், சுமார் 30 மீட்டரில்தான் ஆள் இருப்பது எனக்குத் தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

100/90 பல்பை அன்றே கழற்றி ஓரம் வைத்தாயிற்று. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஸ்விட்ச், வயர், ரிஃப்ளெக்டர் மூன்றையும் அது தின்றுகொண்டிருந்தது. எதிரே வருபவர் கண்ணையும் கெடுத்தது.

எல்.இ.டி. வேண்டாம் என்று மருமகனிடம் சொல்வதற்குத்தான் நேரம் பிடித்தது. “வெளிச்சம் பத்தாதுன்னு நான் சொல்லல. அது விழுற இடம் தப்பாப் போகும்” என்று சொல்லி, சுவரில் இரண்டையும் மாட்டிக் காட்டினேன். ஹாலஜன் இழை ஒரு சின்ன உருளை. அதிலிருந்து சுற்றிலும் ஒளி வரும். அந்த இடத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் போடப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. சிப் தட்டையாக இரண்டு பக்கம் ஒட்டியிருக்கும். கடையில் கிடைத்த ஜோடியைப் போட்டபோது சுவரில் வெட்டுக்கோடு கலைந்து, கோட்டுக்கு மேலே வெளிச்சம் மூட்டம் போல் பரவியது. வண்டிக்குப் பக்கத்துத் தரை மட்டும் பளபளத்தது. பக்கத்துத் தரை பளபளத்தால் கண் அதற்குப் பழகித் தூரத்து இருட்டைப் பார்க்கும் திறன் குறையும். மருமகன் சுவரைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ரிலே போடுவது முக்கிய முடிவு. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் நேராக இழுத்து, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு 30 ஆம்பியர் ரிலே. ஒவ்வொன்றுக்கும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். பழைய ஹோல்டருக்கு வந்த வயர் இனி ரிலேயைத் தூண்ட மட்டும். அதில் அரை ஆம்பியர்கூடப் போகாது, எனவே பழைய ஸ்விட்சுக்கு ஓய்வு. ஹோல்டர் இரண்டும் செராமிக். எர்த்தையும் பாடியில் விடாமல் தனி வயராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனோம். இங்கே ஒரு எச்சரிக்கை: சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும், பல்புக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் ரெடிமேட் ரிலே செட்டைச் செருகினால் வேலை செய்யாது. இந்த வண்டியில் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கமே இருந்தது.

ரிஃப்ளெக்டர் திட்டு விழுந்த வலது பக்கக் கூட்டுக்கு உள்ளூரில் கிடைத்த புது மாற்றுப் பொருளை முதலில் மாட்டிப் பார்த்தோம். சுவரில் கோடே நேராக வரவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய ஒரிஜினல் கூடு ஒன்றைப் பார்சலில் வரவழைத்தோம். முகப்புப் பிளாஸ்டிக் இரண்டையும் 800-ல் தொடங்கி 2000 வரை தண்ணீர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடித்தோம். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் பளிச்சென்று ஆகும். மேலே பூச்சு இல்லாததால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும்.

பல்பு எது?

இத்தனைக்கும் பிறகுதான் அவர் கேட்ட கேள்விக்கு வந்தோம்.

சந்தையில் பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்றவர்களின் 60/55 பல்புகள் +30, +130, +150, +200 சதவீதம் என்ற எண்களோடு வருகின்றன. +150 என்றால் இரண்டரை மடங்கு வெளிச்சம் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இருக்க வழியில்லை. எச்4-க்கான தரம், 13.2 வோல்ட்டில் டிம் 1000 லூமன் (பல்பு தரும் மொத்த ஒளியின் அளவு), பிரைட் 1650 லூமன், இரண்டிலும் 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று கட்டிவைத்திருக்கிறது. தரத்துக்கு உட்பட்ட பல்பு, விலை என்னவாக இருந்தாலும், டிம்மில் 850-க்கும் 1150-க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். பெட்டியில் உள்ள எண், சாலையில் குறிப்பிட்ட சில இடங்களில் விழும் ஒளியைச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டது.

அந்த ஆதாயம் பொய் இல்லை. இழையை மெல்லியதாக, நெருக்கமாக, துல்லியமாகச் சுற்றி இன்னும் சூடாக எரியவிடுகிறார்கள். ஒளி ஒரு சின்ன இடத்திலிருந்து வருவதால் ரிஃப்ளெக்டர் அதைத் தூரத்துக்குச் சரியாக எறிகிறது. அதற்கு விலை பல்பின் ஆயுள். மிக அதிக எண் போட்ட வகைகளில் சில 200 மணி நேரத்தை ஒட்டியே நிற்கும். வோல்ட் ஏறினால் அதுவும் குறையும்: ஆயுள் வோல்ட்டின் சுமார் 13-வது அடுக்கில் எதிர்த்திசையில் ஓடும். 13.2-லிருந்து 13.5-க்குப் போனால் வெளிச்சம் 8 சதவீதம் கூடும், ஆயுள் கால்வாசி போய்விடும். ரிலே போட்ட பிறகு இவருக்கு வோல்ட் அந்த அளவில்தான் நிற்கும். ராத்திரிக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு நான்கைந்து நாள் என்றால் வருஷத்துக்கு 200 மணிக்கு மேல். +200 போட்டால் வருஷம் முடிவதற்குள் ஒரு பக்கம் அணையும். அந்தச் சாலையில் ஒற்றை விளக்கோடு வருகிற காரை எதிரே வருபவர் மோட்டார் சைக்கிள் என்று நினைப்பார். அந்த ஆபத்துக்கு முன்னால் கூடுதல் பிரகாசம் பெரிதாகத் தெரியவில்லை. எனவே சாயம் பூசாத, +30 வகைப் பல்பு ஜோடியைத் தேர்ந்தெடுத்தோம். கண்ணாடியில் விரல் படாமல், பட்டதை ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினோம்.

பின் ஸ்பிரிங்குகளையும் மாற்றச் சொன்னோம். அதன் பிறகு அதே சுமைக்கு இரண்டரை செ.மீ. மட்டுமே இறங்கியது. மார்க்கெட்டுக்கு அவர் போவது வெளிச்சம் இருக்கும்போது. திரும்புவதுதான் இருட்டில், சுமையோடு. அதனால் டிம்மின் கோட்டைச் சுமை ஏற்றிய நிலையில், அவரை சீட்டில் உட்கார வைத்து, 10 மீட்டருக்கு 10 செ.மீ. தாழ வைத்துப் பூட்டினோம். வெறும் வண்டியில் அது இருபது செ.மீ.க்குத் தாழும்; இருட்டில் வெறுமனே ஓட்டினால் தூரம் குறையும் என்பதை அவருக்குச் சொல்லியிருக்கிறோம்.

சாலையில் கிடைத்த பலன்

வேலை முடிந்ததும் பல்பின் முள்ளில் அளந்தபோது இடது 13.6, வலது 13.5. சாதாரண பல்போடு முன்பு இருந்த 12.4, 12.0-ஐ வைத்துக் கணக்கிட்டால், வயரிங்கால் மட்டும் இடது பக்கம் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது, வலது பக்கம் ஒன்றரை மடங்காகியிருக்கிறது. எந்த பல்பு பெட்டியும் இந்த அளவு மொத்த லூமனை ஏற்றித் தராது.

அதே கிராமத்துச் சாலை, அதே கறுப்பு லுங்கி. டிம்மில் எனக்கு ஆள் தெரிந்தது சுமார் 55 மீட்டரில். பிறகு உரிமையாளர் ஓட்டினார். அவர் ‘இப்பத் தெரியுது’ என்று சொன்னபோது நாற்பதுதான் இருந்தது. மறுபடி பார்த்தோம்; ஏறக்குறைய அதே தூரம். பிறகு எதிரே ஒரு பைக்கை லைட் போட்டு நிறுத்தியதும் அவர் கண்ணைச் சுருக்கி, “லைட்டைச் சுத்தி வட்டமா விரியுது தம்பி” என்றார்.

“அண்ணே, கண்ணு காட்டி எவ்வளவு நாளாச்சு?”

கண்ணாடி போட்டு ஏழெட்டு வருஷம் இருக்கும் என்றார். வயதாக ஆகக் கண்ணின் பாவை இருட்டில் முன்போல் விரியாது, லென்ஸும் மஞ்சளாகும். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். அதற்கு மேல் வட்டம் வட்டமாக விரிகிறது என்றால் பட்டறையில் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை. கண் டாக்டரிடம் காட்டும் வரை இரவில் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வண்டியைத் திருப்பித் தரும்போது மருமகனிடமும் தனியாகச் சொன்னேன்.

வேகத்தைப் பற்றியும் அன்று பேசினோம். ஆளைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று எடுத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் 50 கி.மீ. வேகத்தில் நிற்க சுமார் 37 மீட்டர் வேண்டும். 60-ல் 48 மீட்டர். 80-ல் 74 மீட்டர். எந்த ஹாலஜன் டிம்மை வைத்துக்கொண்டும், இருண்ட உடை போட்டவர் நடக்கும் சாலையில் 80-ல் போவது நியாயம் இல்லை. அவருக்கு 40 மீட்டரில்தான் தெரிகிறது என்றால் 50-ஐத் தாண்டக் கூடாது.

அதன் பிறகு

மதுரையில் கண் பரிசோதித்ததில் இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். சில மாதத்தில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை மார்க்கெட்டுக்கு மருமகன்தான் காரை ஓட்டி வந்தார். எதிரே வருகிற வண்டிகள் இப்போது லைட் அடித்துக் காட்டுவதில்லை என்று முதலில் சொன்னவரும் அவரே.

சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் அனுமதித்ததும் உரிமையாளர் மறுபடி ஓட்டத் தொடங்கினார். லைட்டைச் சுற்றி விரியும் வட்டம் பெரிதும் குறைந்துவிட்டது என்றார். பட்டறைக்கு வந்தபோது அதே சாலையில் பார்த்ததில், எனக்கும் அவருக்கும் இடையே இருந்த தூர வித்தியாசம் சில மீட்டராகச் சுருங்கியிருந்தது. அடுத்த தைப்பூசக் காலத்தையும் அந்தச் சாலையில் ஓட்டிக் கடந்தார். கருகல் வாடை, மங்கல் எதுவும் இல்லை.

பல்புகள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடின. வலது பக்கம் அணைந்ததும் ஜோடியாகவே மாற்றினோம், அதே வகை. அப்போது அளந்ததில் வலது பக்கம் 13.3-க்கு இறங்கியிருந்தது. பேட்டரி நெகட்டிவில் கட்டிய எர்த் வயரின் உலோக முனையில் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் தடவியதும் 13.5-க்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் முகப்பில் இடது பக்க மேல்விளிம்பு மட்டும் லேசாக மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது, அடுத்த ஆர்.சி. புதுப்பிப்புக்கு முன் இன்னொரு முறை கோட் அடிக்க வேண்டும்.

அடுத்த வண்டியில் மாற்றிச் செய்வது

லுங்கி சோதனையில் முதல் நாளே வண்டிக்காரரையும் ஸ்டீயரிங்கில் உட்கார வைப்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. பட்டறைக்காரர் கண்ணுக்கு எத்தனை மீட்டர், ஓட்டுபவர் கண்ணுக்கு எத்தனை மீட்டர் என்று இரண்டையும் வேலைச் சீட்டில் எழுதுகிறோம். நாற்பதைத் தாண்டியவர் என்றால் கடைசியாகக் கண் காட்டியது எப்போது என்பதையும் கேட்கிறோம். இந்த நிகழ்வில் அது வேலை முடிந்த பிறகு வெளிவந்தது.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் தூரத்தை அளப்பது இன்னொன்று. வோல்ட் தந்த லாபத்தைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடிகிறது. முகப்பைத் தேய்த்ததும் குறியைச் சரிசெய்ததும் எத்தனை மீட்டர் கொடுத்தன என்பதை இந்த வண்டியில் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் சேர்ந்துதான் 30 மீட்டர் 55 ஆனது.

வாடிக்கையாளர் எந்த பல்பு வேண்டும் என்று கேட்டாலும், பல்பு எரியும்போது முள்ளில் உள்ள வோல்ட்டை மீட்டரில் அவருக்கே காட்டிவிட்டு மேலே பேசுகிறோம். 13-க்குக் கீழே இருந்தால் பல்பு விற்பதில்லை. முதலில் எர்த், பிறகு ரிலே. வழக்கமாக ஏற்றும் சுமையோடு சாயங்காலம் வரச் சொல்லிக் குறி வைக்கிறோம். சுமை தினம் மாறும் வண்டி என்றால், ஏற்றும் சுமைகளில் அதிகமானதை வைத்துக் கோட்டைப் பூட்டுகிறோம்.